வலப்பக்க விளக்கு

தமிழாசிரியன் ஒருவனுக்கும் மகிழுந்தின் முகப்பு விளக்குக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் மாணவர் வியக்கக்கூடும். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, பழந்தமிழ் நூல்கள் காட்டும் விளக்குகளைப் பற்றி எழுதித் தருவதாகவே நானும் முதலில் வாக்களித்தேன். அதற்கெனக் குறிப்புகளும் எடுத்தேன். ஆயினும் எழுத அமர்ந்தபோது மனம் ஏட்டு விளக்குகளை விட்டு, என் சொந்த வண்டியில் சில நாள் அணைந்து கிடந்த ஒரு விளக்கையே சுற்றிச் சுற்றி வந்தது. அதை மறைத்துவிட்டு வேறொன்றை எழுதுவது நேர்மையாகப் படவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

என் தந்தையார், எங்கள் வழக்கில் சொல்வதானால் அத்தா, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டியவர். வண்டி சொந்தமன்று, முதலாளியின் அம்பாசிடர். தொண்டியிலிருந்து இராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் எங்கள் ஊராரை ஏற்றிச் சென்று இறக்கியவர். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலரின் கண்ணீரும் பெட்டிகளும் அந்த வண்டியில்தான் போயின. அத்தா அதிகம் படித்தவரல்லர். எனினும் பொழுது சாயும் நேரத்தில் அவர் தவறாமல் செய்த ஒரு காரியம் உண்டு. எங்கே போய்க்கொண்டிருந்தாலும் வண்டியைச் சாலையோரம் நிறுத்துவார். ஈரத்துணியால் இரு முகப்பு விளக்குகளின் கண்ணாடியையும் துடைப்பார். விடுமுறை நாள்களில் நான் உடன் சென்றால் என்னை வண்டியின் முன்னே நிற்கச் சொல்வார். அவர் விசையைத் தட்டத் தட்ட, நான் விரலைக் காட்ட வேண்டும். ஒரு விளக்கு எரிந்தால் ஒரு விரல். இரண்டும் எரிந்தால் இரண்டு விரல். டிம்முக்கு ஒருமுறை, பிரைட்டுக்கு ஒருமுறை. இரண்டு முறையும் இரண்டு விரல் கண்ட பின்னரே வண்டி நகரும். முன்பலகைப் பெட்டிக்குள், பழந்துணியில் சுற்றிய மாற்றுப் பல்பு ஒன்று எப்போதும் இருக்கும். சாலை நடுவே லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு அணைகொடுத்து விட்டுச்சென்ற கற்களைக் கண்டால் இறங்கி அப்புறப்படுத்திவிட்டுத்தான் வருவார். “இதுவும் ஒரு தர்மந்தாண்டா” என்பார்.

இத்தகைய தந்தைக்குப் பிறந்த நான், முதுகலையும் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் பெற்று, கல்லூரியில் விரிவுரையாளனாகி, பழைய சிறிய கார் ஒன்றையும் வாங்கினேன். 2019-ஆம் ஆண்டு தை மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மாலை வண்டியை வீட்டுச் சுவரருகே நிறுத்தியபோது, சுவரில் இரண்டு வட்டங்களாக விழவேண்டிய ஒளி ஒன்றாக விழுந்தது. பிரைட்டுக்கு மாற்றினேன். இரண்டு வட்டங்கள் தெரிந்தன. மீண்டும் டிம்முக்கு மாற்றினேன். ஒன்றே தெரிந்தது. வலப்பக்க விளக்கின் டிம் மட்டும் போய்விட்டது என்பது விளங்கிற்று. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே சென்றேன்.

அந்த நாளை வரவில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண்கள், தர மதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்புகள், வினாத்தாள் தயாரிப்பு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பிரைட் எரிகிறதல்லவா, அதை வைத்தே ஓட்டலாம் என்று எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன். எதிரே வருவோர் கண்கூசி விளக்கைச் சிமிட்டித் திட்டிச் சென்றனர், நான் பொருட்படுத்தவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் மாணவர் ஒருவர், “சார், ரைட் சைடு லைட்டைப் பாருங்க” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நன்றி கூறினேன், செய்யவில்லை. ஓரிரவு சாலையில் காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். கல்லூரியில் ஆசிரியன் என்றதும், “சீக்கிரம் மாத்திடுங்க சார்” என்று மரியாதையோடு அனுப்பிவைத்தார். ஆசிரியப் பணிக்கு இச்சமுதாயம் தரும் மதிப்பை எண்ணி அன்று பெருமைகூடப் பட்டேன். அந்த மதிப்பே என் குற்றத்துக்குத் திரையாயிற்று என்பது பின்னர்தான் உறைத்தது. அந்தப் பருவத்தில் முதலாமாண்டு மாணவர்க்கு நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் திருக்குறளின் மடியின்மை அதிகாரம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நாள், இராமநாதபுரத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ் முடிந்து, அத்தாவை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஊர் திரும்பினேன். எழுபது வயதைக் கடந்த அத்தா முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். வண்டி பகலிலேயே புறப்பட்டதால் விளக்கைப் பற்றி அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. தேவிபட்டினம் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. திருப்பாலைக்குடிக்கும் உப்பூருக்கும் இடையில் சாலையின் இருமருங்கிலும் சீமைக்கருவேலம். ஊர் வெளிச்சம் ஏதும் இல்லை.

எதிரே லாரி ஒன்றின் விளக்கு தெரிந்தது. அது வந்துகொண்டிருக்கிறது என்றெண்ணி, ஓட்டுநர் கண்கூசக் கூடாதே என்று வழக்கத்துக்கு மாறான நல்லெண்ணத்தோடு டிம்முக்கு மாற்றினேன். உண்மையில் அந்த லாரி அதன் பக்கச் சாலையோரம் நின்றிருந்தது. அதன் பின்னாலிருந்து மொபெட் ஒன்று லாரியைச் சுற்றிக்கொண்டு சாலையின் நடுப்பகுதிக்கு வந்தது. வந்தவர் கண்ணுக்கு என் வண்டி வண்டியாகத் தெரியவில்லை. இடப்பக்க விளக்கு மட்டுமே எரிந்ததால், சாலையின் அந்த ஓரத்தை ஒட்டி இருசக்கர வண்டி ஒன்று வருவதாக அவர் கண்டார். நடுச்சாலை வெறுமையாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அந்த வெறுமையில்தான் என் வண்டியின் பாதி உடல் இருளாக வந்துகொண்டிருந்தது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். அத்தா என் கையைப் பற்றித் திசைமாற்றியை இடப்புறம் ஒடித்தாரா, நானே ஒடித்தேனா என்று இன்றளவும் என்னால் சொல்ல இயலவில்லை. வண்டி சரளைமண்ணில் இறங்கிக் கருவேலம்புதரை உரசி நின்றது. மொபெட்டின் கைப்பிடி பட்டு என் வலப்பக்கக் கண்ணாடி நொறுங்கிற்று. மொபெட் சாய்ந்தது.

இறங்கி ஓடினேன். ஓட்டி வந்தவருக்கு முழங்காலும் முழங்கையும் சிராய்த்திருந்தன. அவர் பின்னே ஒரு சிறுமி. ஏழு, எட்டு வயதிருக்கும். மணலில் விழுந்ததால் பெரிய காயமில்லை. அழவும் இல்லை. இருட்டில் தவழ்ந்து தன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியாது.

அந்த மனிதர் எழுந்தார். என் வெள்ளைச் சட்டையையும் காரையும் பார்த்தார். இரு கைகளையும் குவித்து, “தப்பு எம்மேலதான் சார். பைக்குன்னு நெனச்சு வந்துட்டேன். மன்னிச்சிருங்க சார். கண்ணாடிக்கு என்ன ஆகுமோ கொடுத்துடுறேன்” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. “பரவாயில்லை, பார்த்து வரவேண்டாமா?” என்றுகூட ஒரு சொல் என் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. இருபது ஆண்டுகளாக அறம் கற்பித்து வருபவன் நான். ஒரு கணத்தில் அந்த ஏழையின் மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள நின்றேன். அதுவே இக்கட்டுரையில் நான் எழுத அஞ்சிய வாக்கியம்.

அதற்குள் அத்தா கதவைத் திறந்து மெல்ல இறங்கி வந்தார். நேரே வண்டியின் முன்புறம் சென்று குனிந்து பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம் போய் அவர் தோளைத் தொட்டு, “தப்பு உங்க மேல இல்ல தம்பி. எங்க வண்டிக்கு ஒரு வெளக்கு எரியல. நீங்க எங்களை மன்னிக்கணும்” என்றார். சிறுமியின் செருப்பையும் அவரே கண்டெடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார்.

சற்றுத் தொலைவில் இருந்த தேநீர்க்கடைக்காரர் ஆட்டோ ஒன்றை வரவழைத்தார். மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, அவர்களை வீட்டில் விட்டு வந்தோம். மீண்டும் தேநீர்க்கடைக்கு வந்து நான் கார்ச்சாவியை எடுத்தபோது அத்தா தலையசைத்தார். “இந்த வண்டி இனி இருட்டுல ஓடக்கூடாது. பஸ் வரும்” என்றார். கடையோரம் வண்டியைப் பூட்டிவிட்டுப் பேருந்தில் ஊர் சேர்ந்தோம். வழிநெடுக அவர் பேசவில்லை. வீட்டு வாசற்படியில் மட்டும், “எத்தனை நாளா?” என்று கேட்டார். “பத்தொன்பது நாள் அத்தா” என்றேன். உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, கார்களுக்கு மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் எங்கள் துறையில் இளங்கலைத் தமிழ் படித்தவர். இரண்டாமாண்டில் தந்தையை இழந்து, குடும்பச் சுமை ஏற்றுப் படிப்பை விட்டவர். கருவிப்பையை எடுத்துக்கொண்டு இருசக்கர வண்டியில் தேநீர்க்கடைக்கே வந்தார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

“சார், ரெண்டு வெளக்கும் ஒண்ணா அணைஞ்சா மொதல்ல பீஸைப் பாருங்க, அப்புறம் ரிலேயை, சுவிட்சைப் பாருங்க. ஒண்ணு மட்டும் அணைஞ்சா பல்பைப் பாருங்க. சில வண்டியில எடத்துக்கு ஒரு பீஸ், வலத்துக்கு ஒரு பீஸ் இருக்கும், அதையும் மறக்காதீங்க. பல்பு நல்லா இருந்தா சாக்கெட்டைப் பாருங்க. வெளிச்சம் மங்கலா மஞ்சளா வந்தா எர்த்தைப் பாருங்க” என்று தொடங்கினார். நோய் நாடி நோய்முதல் நாடும் மருத்துவரின் முறை அது. நான் வகுப்பில் அவருக்கு நன்னூல் நடத்தியபோது இவ்வளவு தெளிவாக நடத்தியிருப்பேனா என்று ஐயுற்றேன்.

பல்பைக் கழற்றிக் காட்டினார். ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள். ஒன்று டிம்முக்கு, 55 வாட். மற்றொன்று பிரைட்டுக்கு, 60 வாட். எச்-4 என்று பெயர் பெற்ற இவ்வகைப் பல்பு 1971-இல் வழக்குக்கு வந்தது. டிம் இழையின் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. அவ்விழையின் ஒளி கீழ்ப்பாதிப் பிரதிபலிப்பானில் படாமல் அது தடுத்துவிடுவதால், எதிரே வருபவர் கண்ணை நோக்கி ஒளி மேலெழாது. பகைவர்க்கும் பாதகம் செய்யாத பண்பு ஒரு பல்புக்குள் இருப்பதைக் கண்டேன். என் பல்பில் அந்த இழைதான் நடுவே அறுந்து கிடந்தது.

இழை ஏன் அறுகிறது? அது டங்ஸ்டன் என்னும் உலோகம். உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது. 3,400 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில்தான் உருகும். ஆயினும் எரிய எரிய அணுவணுவாக ஆவியாகிறது. சாதாரண பல்பில் அந்த ஆவி கண்ணாடியில் படிந்து கறுப்பாகிவிடும். இவ்வகைப் பல்பில் அயோடினோ புரோமினோ சிறிதளவு சேர்த்திருப்பதால், ஆவியான டங்ஸ்டனை அது பற்றி மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கிறது. ஆனால் எந்த இடம் தேய்ந்ததோ அதே இடத்தில் சேர்ப்பதில்லை. எனவே மெலிந்த இடம் மேலும் மெலிந்து, ஒருநாள் விசையைத் தட்டும்போது அறுந்துவிடுகிறது. பள்ளத்துச் சாலையின் அதிர்ச்சியும் அதை விரைவுபடுத்தும்.

புதுப் பல்பை நான் ஆவலோடு கையில் வாங்கப் போனேன். “கண்ணாடியைத் தொடாதீங்க சார்!” என்று தடுத்தார். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால், அந்த இடம் மட்டும் மிகுதியாகச் சூடேறிப் பல்பு விரைவில் கெட்டுவிடுமாம். தகட்டைப் பிடித்தே மாட்ட வேண்டும். தவறித் தொட்டுவிட்டால் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். எரிந்துகொண்டிருந்த பல்பானால் ஆறும்வரை பொறுத்தே கழற்ற வேண்டும். பல்பின் தகட்டில் மூன்று நாக்குகள். அவற்றில் ஒன்று மட்டும் அகலமானது. ஆகவே தலைகீழாக மாட்ட இயலாது. கம்பிச் சுருளை இறுக்கி, இரப்பர் உறையை மூடி, முச்செருகியைச் செருகினார். இடப்பக்கப் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது; அதையும் மாற்றினார். “ரெண்டும் ஒரே வயசு சார். ஒண்ணு போனா அடுத்தது ரொம்ப நாள் தாங்காது. புதுசும் பழசும் ஒரே அளவு வெளிச்சமும் தராது” என்றார். கழற்றிய நல்ல பல்பைத் துணியில் சுற்றி முன்பலகைப் பெட்டிக்குள் அவரே வைத்தார். என் அத்தாவின் துணிச்சுருளை அவர் பார்த்ததில்லை.

“இன்னும் அதிக வெளிச்சம் தரும் பல்பாகப் போட்டுவிடலாமே” என்று கேட்டேன். சிரித்தார். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஏறத்தாழ நாலரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் பல்பு எட்டுக்கு மேல் இழுக்கும். வண்டியில் உள்ள மெல்லிய கம்பி சூடேறும், சாக்கெட் உருகும். கடைகளில் விற்கும் எல்.இ.டி. பல்பைப் பழைய கிண்ணத்துக்குள் மாட்டினாலும் கெடுதிதான். கம்பியிழை எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டே அந்தக் கிண்ணம் வார்க்கப்பட்டிருப்பதால், ஒளி சிதறி எதிரே வருவோர் கண்ணைக் குத்தும். “நமக்கு வெளிச்சம் வேணும்னு அடுத்தவனைக் குருடாக்கக் கூடாது சார்” என்றார். கடைச்சுவரின் எதிரே சமதரையில் வண்டியை நிறுத்தி, அட்டையால் நிழல்செய்து, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக விழும்படி திருகைத் திருப்பிச் சரிசெய்தார். முழு வேலைக்கும் அரைமணி நேரம். இரு பல்புகளின் விலை, குடும்பத்தோடு உணவு விடுதிக்குச் சென்றால் ஆகும் செலவில் பாதிகூட இல்லை. இதற்காகத்தான் ஒரு சிறுமியின் உயிரைப் பத்தொன்பது நாள் பணயம் வைத்திருந்தேன்.

ஏமாந்து நிற்பதை இக்கால மாணவர் ‘பல்பு வாங்கினேன்’ என்பர். அன்று நான் இரண்டு பொருளிலும் வாங்கினேன்.

தமிழாசிரியன் என்பதால் சொல்லைப் பற்றியும் சற்றுக் கூற இடந்தர வேண்டும். விளங்கு என்பது தன்வினை. விளக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு; இயங்கு, இயக்கு என்பன போல. தான் ஒளிர்வது விளங்குதல். பிறிதொன்றை ஒளிரச் செய்வது விளக்குதல். பாத்திரத்தைத் துலக்குவதையும் விளக்குதல் என்கிறோம். பொருள் புரியச் சொல்வதையும் விளக்குதல் என்கிறோம். அத்தா ஈரத்துணியால் செய்தது முதல் விளக்கம். என் மாணவர் தேநீர்க்கடையோரம் செய்தது இரண்டாம் விளக்கம். நான் இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் விளங்கியிருக்கிறேன். விளக்கியிருக்கிறேனா என்பதுதான் கேள்வி. முகப்பு விளக்கு நாம் வழி காண்பதற்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன். முன்னே 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆளும் வண்டியும் தெளிவாகப் புலப்பட விளக்கு எரியவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. ஆயினும் நாம் பார்ப்பதில் பாதிதான் அடங்கியிருக்கிறது. நாம் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் வருகிறோம் என்பதைப் பிறர் அறியச் செய்வது மறுபாதி. நம் நாட்டில் இடப்புறம் செல்கிறோம். எதிரே வருபவர் நம் வலப்பக்கத்தை ஒட்டியே கடக்கிறார். ஆகவே வலப்பக்க விளக்கு அணைந்த வண்டி, தன் உடலில் பாதியைப் பிறரிடமிருந்து ஒளித்து வைத்துக்கொண்டு போகும் வண்டியாகும்.

வண்டி சரியானது. மனம் சரியாகவில்லை. அத்தா சொன்ன சொல்லை நான் என் வாயால் சொல்லவில்லையே என்ற முள் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மாலை அந்த மனிதரின் வீட்டுக்குப் போனேன். கரிமூட்டத்தில் கூலிவேலை செய்பவர் அவர். என்னைக் கண்டதும் கண்ணாடிக்குப் பணம் கேட்க வந்ததாக எண்ணி அவர் மனைவி முகம் வாடிப்போனார். திண்ணையில் அமர்ந்து, விளக்கு போய்விட்டது எனக்கு முன்பே தெரியும் என்பதையும், தெரிந்தே ஓட்டினேன் என்பதையும், அவர் மன்னிப்புக் கேட்டபோது வாய்மூடி நின்றது அதனினும் பெரிய தவறு என்பதையும் சொன்னேன். மொபெட்டைச் செப்பனிடும் செலவை ஏற்பதாகக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “புள்ளைக்கு ஒண்ணும் ஆகல சார். அது போதும்” என்றார். அவர் முற்றிலும் மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். மன்னிக்கக் கடமைப்பட்டவரும் அல்லர்.

புறப்படும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தச் சிறுமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “ரெண்டு லைட்டும் எரியுதா?” என்று கேட்டாள். “நீயே பார்த்துச் சொல்லம்மா” என்று அவளை வண்டிக்கு முன்னே நிற்கச் சொல்லி விசையைத் தட்டினேன். சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். டிம்முக்கு ஒருமுறை, பிரைட்டுக்கு ஒருமுறை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் இனி வண்டி வாங்குவீர்கள். வாங்குங்கள்; வாழ்க. பொழுது சாயும் நேரத்தில் ஒருமுறை இறங்கி முன்னே சென்று பாருங்கள். அணைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். உடன் முதியவர் யாரேனும் இருந்தால் அவரைக் கேளுங்கள். நீங்கள் படிக்காத ஒன்றை அவர் படித்திருப்பார். இப்போதும் நான் ஊருக்குப் போனால், மாலையில் வண்டி எடுக்கும் முன் அத்தா கோலூன்றி வாசலுக்கு வந்து நிற்கிறார். அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. ஆயினும் கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டுகிறார். அதன் பின்னரே வண்டியை நகர்த்துகிறேன்.